ஆவாரம்பூ அழிந்த வெள்ளிக்கிழமை

என் மகள் லோகப்பிரியாவின் கோபத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் நான் பேசுவதில்லை. நம்ப மாட்டார்கள். ஏழு வயதில் அவள் ஒருமுறை முறைத்ததில் எங்கள் காளை தும்பைத் தானே அவிழ்த்துக்கொண்டு, கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு நடந்தே போய், நல்ல ஆளாகப் பார்த்துத் தன்னை விற்றுக்கொண்டது. வாங்கியவர் இன்றும் வெள்ளகோவிலில் இருக்கிறார். கேட்டால் இல்லையென்பார், காளைக்குக் கொடுத்த வாக்கு அப்படி.

அதெல்லாம் சின்னக் கோபம். நான் சொல்ல வந்தது தொண்ணூற்றேழாம் வருஷத்துக் கோபம். அதில் எனக்கும் பங்கு உண்டு. எழுதும்போது இப்போதும் பேனா சூடாகிறது.

லோகப்பிரியாவை சோமனூரில் கொடுத்திருந்தோம். மாமனார் நஞ்சுண்டன் வேறு யாருமில்லை, என் மனைவி தெய்வாத்தாளின் தம்பி. சொந்தத்தில் பெண் கொடுத்தால் ஒரு வசதி, சண்டைக்கு ஆள் தேடி வெளியே போகவேண்டியதில்லை. மாப்பிள்ளை அருண்குமார் நல்ல பையன். துணி விற்க வடக்கே போனால் மாதக்கணக்கில் அங்கேயே இருப்பான். நல்ல பையனாக இருப்பதற்கு அது உதவியது.

நஞ்சுண்டனின் விசைத்தறிக் கூடத்தில் வெறும் வெள்ளைத் துணிதான் ஓடும். பின்னால் பூட்டிக் கிடந்த தனிக் கூடத்தில் நாலு ஜக்கார்டு தறிகள் தூசி படிந்து நின்றன. துணியிலேயே பூவும் கொடியும் எழுப்பி நெய்கிற தறி அது. யாரோ மூடிய மில்லிலிருந்து மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப் போட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு மட்டும் வைத்துக்கொண்டிருந்தான். என் மகள் கோயமுத்தூரில் துணி வடிவமைப்பு படித்தவள். வந்த மாதமே அந்தத் தறிகளைப் பார்த்துவிட்டாள்.

ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாக வைத்து அவள் படுக்கை விரிப்புக்கு டிசைன் போட ஆரம்பித்தாள். தாளில் எதுவும் கிடையாது. எல்லாம் திரையிலேயே பிறந்து திரையிலேயே வளர்ந்தவை. ஆரம்பத்தில் போட்டவை மாங்காய், அன்னம், தேர் என்று எல்லாரும் போடுகிறவை. கடைசி ஆறு மாதம் போட்டதுதான் ஆவாரம்பூ. வெள்ளகோவில் ரோட்டோரத்தில் ஆடிக் காற்றில் ஒரே பக்கம் சாய்ந்து நிற்குமே, அந்தச் சாய்வு அப்படியே இருந்தது. வெயில் பட்ட மஞ்சள் வேறு, படாத மஞ்சள் வேறு. ஓரத்தில் கம்பங்கதிர். நான் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன், தும்மல் வந்துவிட்டது. பூந்தூள் ஏறினால் எனக்கு எப்போதும் தும்மல் வரும்.

கரூரில் விரிப்பு ஏற்றுமதி செய்யும் கோவிந்தராஜுலு என்பவர் அதைத் திங்கட்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

"அவரு பாத்து ஆர்டர் குடுத்தாருன்னா அந்த நாலு தறியும் உன்ற பொறுப்பு அம்மிணி. ஆளு வெக்கிறது, நூலு வாங்கறது எல்லாம் நீயே பாத்துக்க. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்" என்று நஞ்சுண்டன் ஊர் கேட்கச் சொல்லியிருந்தான்.

அந்த நாலு தறிக்காக என் மகள் ஆறு மாதம் கண்ணைக் கொடுத்தாள். சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். தட்டு தானே எழுந்து சமையலறைக்குத் திரும்பிப் போனதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அவர் வர வேண்டும். அதற்கு முந்தின வாரம் நஞ்சுண்டனுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. பக்கத்து மில்லுக்காரர் கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏற்றிவிட்டாராம். திறந்தால் ஆகாயமும் மேகமும் வருகிறதாம்.

"நம்முளுது தொறந்தா கருப்பா எழுத்து வருது. எழவு ஓலையாட்டம். கரூர்க்காரரு வந்து பாத்தா என்ன நெனைப்பாரு?"

"அவரு வாரது டிசைனைப் பாக்கறதுக்குங்க மாமா. மேகம் பாக்கறதுக்கில்லீங்க. திங்கக்கெழமை போயிட்டுமுங்க, அப்பறம் மாத்திக்கலாம்."

"நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது கண்ணு."

மூன்று நாள் வாதாடிப் பார்த்துவிட்டு அவள் ஒரு நிபந்தனையோடு இறங்கினாள். கம்ப்யூட்டரில் இடம் போதாது, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்தால்தான் புதுசு ஏறும். அதனால் அவள் போட்டது அத்தனையும் முதலில் பிளாப்பியில் படியெடுத்தாக வேண்டும். படி எடுத்து முடித்தேன் என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் யாரும் கை வைக்க வேண்டும். நஞ்சுண்டன் சாமி படத்தைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்து, வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் என்று நேரம் குறித்தான். மத்தியானத்துக்கு மேல் அஷ்டமி, மறுநாள் நவமி. அதைவிட்டால் கரூர்க்காரர் வருவதற்குள் நேரம் கிடையாதாம். எங்களுக்கும் கூப்பிட்டுச் சொன்னான். காதுகுத்துக்கு வருவதுபோல் என் மனைவி பட்டுச் சேலையோடு வந்து இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை காந்திபுரத்திலிருந்து அப்துல் குத்தூஸ் வந்தார். கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர், நாற்பது வயது, எதிரே வரும் ஆட்டுக்குட்டிக்கும் வழிவிட்டு நடக்கிற மனுஷர். ஒரு பெட்டி பிளாப்பி கொண்டுவந்திருந்தார். பழையதிலிருந்து வரிசையாக லோகப்பிரியா படியெடுத்தாள். மாங்காய் போயிற்று, அன்னம் போயிற்று, தேர் போயிற்று. பெட்டி தீர்ந்துவிட்டது. ஆவாரம்பூ உள்ளேயே இருந்தது.

"இன்னும் ரெண்டு பொட்டி வேணுமுங்க பாய்."

"கடையில இருக்குதுங்கம்மா. தம்பி இருப்பான், கேட்டா தருவானுங்க."

"நானே போயி வாங்கியாறேன். நான் வார வரைக்கும் ஒண்ணும் பண்ணீராதீங்க" என்று எல்லாரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். துணைக்கு நான் போனேன். அன்றைய பஸ்ஸின் வேகத்தைச் சொன்னால் ஓட்டுநர் மனம் வருந்துவார். நீலாம்பூரில் ஒரு பூசணிக்கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி, சிங்காநல்லூர் வருவதற்குள் பிஞ்சு விட்டிருந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது ராகுகாலம் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. ஆபீஸ் வாசலிலேயே நெய் மணம். நஞ்சுண்டன் கேசரித் தட்டோடு எதிரே வந்தான்.

"வா அம்மிணி, வா! வாயத் தொற."

"எதுக்குங்க மாமா கேசரி?"

"நல்ல நேரத்துக்குள்ள முடிச்சுப்போட்டமல்ல!"

"என்னத்தை முடிச்சீங்க?"

திரையில் ஆகாயமும் மேகமும் இருந்தன. கண்ணாடி மேல் மூன்று இடத்தில் சந்தனம், நடுவில் குங்குமம். அப்துல் குத்தூஸ் சுவரில் தொங்கிய காலண்டரை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அது போன வருஷத்துக் காலண்டர்.

"பாய், என்ற டிசைனெல்லாம் எங்கீங்க?"

அவர் திரும்பவில்லை. மேலே ட்யூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது. அன்று எந்தக் கோளாறும் இல்லையென்று மின்வாரியத்தில் சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

நடந்தபோது நான் அங்கே இல்லை. அதனாலேயே இருந்தவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னதில், ஒருவர் மேல் ஒருவர் போட்ட பழியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இது.

நாங்கள் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் நஞ்சுண்டன் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தான். பிறகு கடிகாரம் அவனைப் பார்க்க ஆரம்பித்தது.

"பாய், ஆரம்பிச்சரலாங்களா?"

"அம்மா வந்தரட்டுங்கய்யா. இன்னும் படி எடுக்க வேண்டியது இருக்குதுங்களே."

"அவ வாரப்ப ராகுகாலமும் கூடவே வந்துரும். பத்து பிளாப்பி நெறைய ஏத்தியாச்சல்ல? லாரியில மூட்டை ஏத்தறப்ப நல்ல சரக்கைத்தான முதல்ல ஏத்துவாங்க? மிச்சமிருக்கறது சில்லறைதான். ஆரம்பிங்க, நான் சொல்றேன்."

"இல்லீங்கய்யா..."

"நான் சொல்றேனுங்கறேன்!"

குத்தூஸ் தட்டினார். திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும், மேலே போகட்டுமா, ஆமாம் என்றால் இந்த எழுத்தை அழுத்து, இல்லை என்றால் அந்த எழுத்தை அழுத்து என்று கேட்டது. யாரோ எங்கோ உட்கார்ந்து, இப்படியும் ஆட்கள் இருப்பார்கள் என்று யோசித்து வைத்த கேள்வி அது. எங்கள் ஆட்களைப் பற்றி மட்டும் அந்தப் புண்ணியவானுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"என்ன கேக்குது?" என்றாள் என் மனைவி. சுமங்கலி கையால் ஆரம்பிக்க வேண்டுமென்று தம்பி அவளைத்தான் நாற்காலியில் உட்கார வைத்திருந்தான்.

"ஆமாமா இல்லையான்னு கேக்குதுங்கம்மா. இதை அழுத்தினா எல்லாம் போயிருமுங்க. இல்லைன்னே அழுத்தீருங்கம்மா, லோகப்பிரியாம்மா வந்ததுக்கு அப்பறம்..."

"ஏனுங்க பாய், விவரந் தெரிஞ்சவரு பேசற பேச்சுங்களா இது? விளக்குப் பொருத்தி வெச்சு, தேங்காய் ஒடைச்சு, முதல் வார்த்தையே இல்லைன்னு சொல்லுவாங்களா?" என்றான் நஞ்சுண்டன். "நிச்சயத்துல பொண்ணுக் குடுக்க சம்மதமான்னு கேட்டா, பொண்ணு புளியமரத்து மேல ஒக்காந்திருந்தாக்கூட ஆமாங்கோணும். அக்கா, நீ ஆமான்னு அழுத்து."

தெய்வாத்தாள் கண்ணை மூடி, குலதெய்வத்தை நினைத்து, ஆமாம் என்று அழுத்தினாள். இரண்டு முறை. ஒற்றைப் படையில் நிற்கக் கூடாதாம்.

இவ்வளவையும் கேட்டு முடிக்கிற வரை லோகப்பிரியா கையிலிருந்த மஞ்சப்பையைக் கீழே வைக்கவில்லை. பை லேசாகப் புகைந்தது. நான் வாங்கிக் கீழே வைத்தேன்.

"திருப்பி எடுக்க முடியுங்களா பாய்?"

"வெறுமனே அழிச்சிருந்தாப் பாத்திருக்கலாமுங்கம்மா. மேல புதுசு ஏறிப்போச்சுங்க. ஈரமண்ணு மேல காங்கிரீட்டு ஊத்தின மாதிரிங்க." அவர் கைகளைக் கட்டிக்கொண்டார். "நான் முடியாதுன்னு எந்திரிச்சுப் போயிருக்கோணுமுங்க. மரியாதை பாத்துட்டேன்."

"நீங்க மட்டுமில்லீங்க, இந்த ஊரே அப்படித்தானுங்க. மரியாதை பாத்தே ஆளைக் கொன்னுபோடுவாங்க" என்றாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "உனக்குக் காது கேக்கலியாம்மா? எல்லாம் போயிரும்னு அவரு தமிழ்லதான சொன்னாரு?"

"நல்ல நேரத்துல இல்லைங்கலாமா கண்ணு? வாய் வருமா எனக்கு?"

"கம்ப்யூட்டருக்கு என்னம்மா நல்ல நேரம்? அதென்ன வயசுக்கு வந்து ஒக்காந்திருக்குதா?"

"பெரியவங்ககிட்டப் பேசற பேச்சா இது?" என்று நஞ்சுண்டன் குரலை உயர்த்தினான்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மைத்துனன் பக்கம் திரும்பினேன். "ஏன் மாப்பிள்ள, நாளைக்கு ஒருத்தன் ராகுகாலத்துக்கு முன்னால வந்து, உங்க தறிக் கூடத்துக்குத் தீ வெக்கட்டுங்களா, ஆமாமா இல்லையான்னு கேட்டா என்ன சொல்லுவ? சுமங்கலி யாராச்சும் இருக்கறாங்களான்னு தேடுவியா?"

"மச்சான், நீங்க இதுல தலையிடாதீங்க."

"தலை இருக்கறவன்தான தலையிட முடியும். உனக்கு அந்தத் தொந்தரவே இல்ல."

"இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?" நஞ்சுண்டன் கேசரித் தட்டை மேசைமேல் ஓங்கி வைத்தான். "பத்து பிளாப்பி சரக்கு பத்திரமா இருக்குதல்ல?"

"நான் பழசுல இருந்து ஏத்தினனுங்க மாமா. உள்ள இருந்ததுதான் சரக்கு. நீங்க பத்திரமா வெச்சிருக்கறது மாங்காயி."

"அட, ஒரு பூவு! ரோட்டோரத்துல மாடு மேயற பூவு! அதுக்கு இத்தனை கூப்பாடா? கையி இருக்குது, கண்ணு இருக்குது, திருப்பி வரைஞ்சாப் போச்சு!"

அப்போதுதான் அவள் அமைதியானாள். நாங்கள் வெள்ளகோவில்காரர்கள், மழைக்கு முன்னால் காற்று எப்படி நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும். நான் இரண்டடி நகர்ந்து சுவரோரம் நின்றுகொண்டேன். பக்கத்துக் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. சாப்பாட்டு வேளை என்று ஓட்டுகிறவர்கள் காரணம் சொன்னார்கள்.

அவள் நேராக மேசைக்குப் போய் டெலிபோனை எடுத்துக் கரூருக்குச் சுழற்றினாள்.

"ஏனுங்க, சோமனூர் லோகப்பிரியா பேசறனுங்க. திங்கக்கெழமை நீங்க வரவேண்டாமுங்க. டிசைன் இல்லைங்க." என் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். "ஆமாங்க, அழிஞ்சுபோச்சுங்க. தானா அழியலீங்க, அழிச்சுப்போட்டாங்க. திருடனெல்லாம் இல்லீங்க, எங்கூட்டு ஆளுங்கதானுங்க. கேசரியெல்லாம் கிண்டித்தான் அழிச்சாங்க."

"அம்மிணி, வெளியாளுகிட்ட..." என்று நஞ்சுண்டன் கையை நீட்டினான். அவள் நகர்ந்துகொண்டாள்.

"திருப்பி வரையறனுங்க. வரைஞ்சு தர்றனுங்க. ஆனா முன்ன சொன்ன மாதிரி, ஆர்டர் வந்தாத் தறிங்கற பேச்சு இனி இல்லீங்க. நாலு தறியும் என்ற பொறுப்புக்கு வந்த பொறகுதான் ஒரு புள்ளி வெப்பேன். என்ற பேச்சை நம்ப வேண்டாமுங்க. மாமா இங்கதான் நிக்கறாரு, நீங்களே கேட்டுக்குங்க."

டெலிபோனை மாமனார் கையில் கொடுத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

நஞ்சுண்டனின் முகம் அப்போது இருந்த நிறத்தில் சாயம் போட்டால் நூறு துவைப்புக்கும் போகாது. ஆனால் வெளியாள் காதில் விழுகிற குரல் என்று ஒன்று தனியாக வைத்திருந்தான். அது கருப்பட்டிப் பாகு.

"வணக்கமுங்க, நஞ்சுண்டனுங்க... ஆமாங்க, சின்னதா ஒரு கைப்பிசகுங்க... தறிங்களா? அது அவ தறிதானுங்க! ஆர்டருக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்? என்னைக்கோ குடுத்தாச்சுங்களே... ஆமாங்க... ஆமாங்க... ஒரு மாசம் பொறுத்துக்கறீங்களா? சந்தோசமுங்க, சந்தோசமுங்க."

வைத்ததும் பாகு முறிந்தது. "பொம்பளைக்கு இத்தனை திமிரு ஆகாது" என்றான்.

"திமிரு இல்லீங்க மாமா. திமிரா இருந்திருந்தா பஸ் ஏறிப் போயிருக்க மாட்டேன். உங்களை இங்க இருந்து கெளப்பிப்போட்டு, நான் இதுக்கு முன்னால ஒக்காந்திருப்பேன்."

ஆணியில் தொங்கிய ஜக்கார்டு கூடத்துச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்று கேசரியை யாரும் தொடவில்லை. ஈ கூட வரவில்லை. சாயங்காலம் கோழிக்குப் போட்டார்கள். அந்தக் கோழி முட்டையிடுவதை நிறுத்தி, ஒரு வாரம் எங்கள் எல்லாரையும் முறைத்துக்கொண்டு திரிந்தது.

அவள் திருப்பி வரைந்தாள். கம்ப்யூட்டரை ஆட்களை வைத்து ஜக்கார்டு கூடத்துக்குத் தூக்கிப் போனாள். குத்தூஸ் அவராகவே வந்து, கூலி வாங்காமல், தினம் அன்றன்று போட்டதை இரண்டு படி எடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். ஒரு படி அவள் பீரோவில், இன்னொன்று வெள்ளகோவிலில் என்னிடம். ஒரு படியாவது நஞ்சுண்டன் வீட்டு எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

புதுப் பூ வந்தது. கோவிந்தராஜுலு வந்து பார்த்து, பிரமாதம் என்று சொல்லி, ஆர்டரும் கொடுத்தார். என் மனைவி "முன்னத்ததைவிட இது எச்சா நல்லாருக்குது" என்றாள். லோகப்பிரியா எழுந்து வெளியே போய்விட்டாள். நானும் திரைக்குக் கிட்டத்தில் குனிந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மஞ்சள் மஞ்சளாக இருந்தது. பூ நேராக நின்றது. வெகு நேரம் குனிந்தபடி நின்றேன். தும்மல் வரவில்லை.

அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதா?

தறி ஓட்டத் தொடங்கும் நாளை நஞ்சுண்டன் மறுபடி பஞ்சாங்கத்தைப் புரட்டிக் குறித்தான். புதன்கிழமை, எமகண்டம் கழிந்து ஒன்பதுக்கு மேல். தேங்காய், கற்பூரம், மாலை, தட்டேந்த என் மனைவி, பட்டுச் சேலை. நானும் பின்னால் போனேன். கூடத்துப் பக்கம் திரும்பும்போதே தடதடவென்று சத்தம் கேட்டது. நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. முதல் தறியில் ஒரு விரிப்பின் பாதி இறங்கியிருந்தது. எமகண்டத்திலேயே சுவிட்சைப் போட்டிருக்கிறாள்.

நஞ்சுண்டன் வாசற்படியில் தேங்காயோடு நின்றான். "என்ன அம்மிணி, நாங்க வாரக்குள்ள..." என்று தொண்டை கிழியக் கத்தினான். தறிச் சத்தத்தில் அது அவனுக்கே கேட்டிருக்காது.

அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தள்ளி நில்லுங்க மாமா. நாடா தெறிச்சுதுன்னா கண்ணு போயிருமுங்க."

தறியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஊடை நூலைச் சுமந்த நாடாக் கட்டை பறந்துகொண்டிருந்தது. நஞ்சுண்டன் தள்ளி நின்றான். நாங்களும் நின்றோம். என் மனைவியின் தட்டில் கற்பூரம் தானே கரைந்து தீர்ந்தது. வெயில் ஏறியதும் அவன் தேங்காயை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சட்னிக்குக் கொடுத்துவிட்டான்.